அவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்ட சகோதரிக்கு

வணக்கம். உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறீர்கள். உங்கள் தளத்தில் இன்னொரு தமிழர் இருக்கிறார். காலையில் சாப்பிடாமல் வருவதாக நீங்கள் எப்போதோ சொன்னதை மறக்காமல் நாசி லெமாக் கட்டி வாங்கி வருகிறார். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க நேரமாகிவிட்டால் தன் காடியில், அதாவது காரில், பூச்சோங்கில் உங்கள் வீடு வரை கொண்டுவந்து விடுகிறார். நீங்கள் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டால் முதலில் பார்ப்பவரும் அவர்தான். ஆனால் எல்லோருமாக மதியம் சாப்பிடப் போனால் உங்கள் பக்கம் திரும்புவதே இல்லை. வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. இது விருப்பமா, மறைமுகமான அறிகுறிகளை எப்படிப் படிப்பது, எனக்குப் புரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ளாமல் எப்படி நிதானமாக நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். அவர் என்ன செய்கிறார், எப்போது பார்க்கிறார், எப்போது பார்க்காமல் இருக்கிறார் என்று எல்லாம் இருக்கிறது. உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கிறதா என்பது மட்டும் எங்கேயும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இதே கேள்வியோடு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் நிதானம் வேண்டும் என்று கேட்கிறீர்களே, அதற்கு வழி அந்த விடுபட்ட இடத்தில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். அங்கே பிறகு வருகிறேன்.

நான் கோலாலம்பூரில் பல ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறேன், மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றிருக்கிறேன். இந்த அனுபவத்துக்கு ஓர் எல்லை உண்டு. என் அறைக்கு வருபவர்கள் ஏதோ ஒன்று சிக்கலான பிறகு வருபவர்கள். ஒரு பார்வையைச் சரியாகப் புரிந்துகொண்டு, பேசி, கல்யாணம் கட்டி நன்றாக இருப்பவர்கள் என்னிடம் வருவதில்லை. அதனால் நான் கொஞ்சம் அதிகமாகவே எச்சரிக்கை செய்யக்கூடும். இன்னொன்று, உங்கள் நண்பரை நான் பார்த்ததில்லை. அவர் மனதில் இருப்பது இதுதான் என்று நான் சொன்னால் அது ஜோசியம்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. பிறருடைய ஈர்ப்பைக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் தாங்கள் நினைக்கும் அளவுக்குக் கெட்டிக்காரர்கள் இல்லை. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹாலும் அவருடைய குழுவும் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத, துணையில்லாத மாணவ மாணவியரை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துச் சுமார் பத்து நிமிடம் பேசவிட்டார்கள். பிறகு தனித்தனியாக அழைத்து, நீங்கள் அவரிடம் ஆர்வம் காட்டிப் பேசினீர்களா, அவர் உங்களிடம் அப்படிப் பேசினார் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார்கள். எதிரில் இருப்பவர் ஆர்வம் காட்டாதபோது அதைச் சரியாகச் சொன்னவர்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல். ஆர்வம் காட்டியபோது அதைக் கண்டுகொண்ட ஆண்கள் 36 விழுக்காடு, பெண்கள் 18 விழுக்காடு. ‘இல்லை’ நமக்கு ஓரளவு தெரிகிறது, ‘ஆம்’ பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. இது அமெரிக்க மாணவர்கள் அந்நியர்களோடு பேசிய பத்து நிமிடம், நம் ஊரில் தினமும் பார்த்துப் பழகும் இரண்டு பேருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘எனக்கு ஏன் புரியவில்லை’ என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்ளத் தேவையில்லை என்பதற்கு இது போதும்.

அடுத்தது, தனி ஓர் அறிகுறிக்கு மதிப்பு மிகக் குறைவு. மோனிக்கா மூர் என்ற ஆய்வாளர் 1985இல் பெண்கள் பொது இடங்களில் ஆர்வத்தைக் காட்டும் அசைவுகள் என்று 52 வகைகளைப் பட்டியலிட்டார். பார்வை, சிரிப்பு, தலைமுடியைக் கோதுவது, சாய்ந்து உட்காருவது என்று போகும் அந்தப் பட்டியலில் எது இருந்தது என்பது பெரிதில்லை. அடிக்கடி, பல வகையாகக் காட்டியவர்களிடம்தான் ஆண்கள் வந்து பேசினார்கள். தலைமுடியைக் கோதினால் காதல் என்று வீடியோக்களில் சொல்வார்கள். கோலாலம்பூர் வெயிலில் வியர்த்தாலும் முடியைக் கோதுவார்கள். கண்மணி விரிவதும் அப்படித்தான். பிடித்தவரைப் பார்த்தால் விரியும், உண்மை. வெளிச்சம் குறைந்தாலும் விரியும், மனதுக்குள் கடினமான கணக்குப் போட்டாலும் விரியும். நீங்கள் வேலை செய்வதே கணக்குப் பிரிவில். கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கச் சொல்வதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பிறகு எதைப் பார்ப்பது? அவருடைய வழக்கம் என்ன, உங்களிடம் அதிலிருந்து எவ்வளவு மாறுகிறார் என்பதைப் பாருங்கள். நாசி லெமாக்கையே எடுத்துக்கொள்வோம். அவர் மற்றவர்களுக்கும் வாங்கி வருபவரா? மேசையில் ஐந்தாறு பொட்டலம் வைத்து எல்லோரையும் கூப்பிடுபவர் என்றால், அது அவருடைய குணம். உங்களுக்கு மட்டும் என்றால், அதுவும் சம்பல் அதிகம் வேண்டாம் என்று நீங்கள் ஒருமுறை சொன்னதை நினைவில் வைத்து வாங்கினால், அது கவனம். காடியில் கொண்டுபோய் விடுவதும் அப்படியே. அவர் வீடும் பூச்சோங் பக்கம் என்றால் அதில் பெரிய செய்தி இல்லை. செந்தூலில் குடியிருப்பவர், மாலை நெரிசலில் எல்டிபி நெடுஞ்சாலையில் நின்று நின்று பூச்சோங் வரை வந்து திரும்புகிறார் என்றால், அவர் தன் நேரத்தைக் கொடுக்கிறார். செலவும் சிரமமும் உள்ள செயல் எதுவோ அதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். ஸ்டேட்டஸை முதலில் பார்ப்பதற்கு எந்தச் சிரமமும் இல்லை. அந்த நேரம் அவர் கையில் போன் இருந்தது என்பதற்கு மேல் அதில் படிக்க ஒன்றுமில்லை. இரவில் அந்தப் பட்டியலைத் திறந்து திறந்து பார்க்கும் பழக்கம் வந்திருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

இன்னொன்றை நம்மவர்கள் அடிக்கடி தவறாகப் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு தளத்தில் நாற்பது ஐம்பது பேர், அதில் தமிழ் பேசுபவர்கள் இரண்டு மூன்று பேர். நாள் முழுக்க ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசிவிட்டு, பேன்ட்ரியில் உங்களைப் பார்த்ததும் அவர் தமிழுக்கு மாறுகிறார். குரல் தாழ்கிறது, தோள் தளர்கிறது, சிரிப்பு வருகிறது. பார்க்கிறவர்களுக்கு அது நெருக்கமாகத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அது வீட்டு மொழி கிடைத்த நிம்மதியாக மட்டும் இருக்கலாம். தீபாவளி விடுமுறையை யார் எடுப்பது, தைப்பூசத்துக்கு பத்து மலைக்கு எந்த நேரம் போவது, அம்மா ஏன் இன்னும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்றெல்லாம் பேச அவருக்கு அங்கே வேறு ஆள் கிடையாது. கூடவே, அடிக்கடி கண்ணில் படுபவர்கள் மேல் நமக்குத் தானாகவே விருப்பம் கூடும் என்பது உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டியதிலிருந்து பலமுறை உறுதியான விஷயம். அந்த விருப்பம் அன்பாகவே நின்றுவிடலாம், காதலாகவும் வளரலாம். தொடக்கத்தில் இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே இருப்பவருக்கே சில நேரம் பிரித்துச் சொல்லத் தெரியாது.

கூட்டத்தில் உங்களைத் தவிர்க்கிறார் என்றீர்களே, நீங்கள் சொன்னதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது இதுதான். தனியாக இருக்கும்போது சகஜமாகப் பேசுபவர், நாலு பேர் முன்னால் மட்டும் உங்களைப் பார்க்காமல் இருக்கிறார் என்றால் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். எதை என்பதுதான் தெரியாது. விருப்பத்தை மறைக்கலாம். நம் சமூகம் சின்னது. அலுவலகத்தில் கிளம்பும் பேச்சு அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் யாரோ ஒரு அத்தை காதுக்கு வந்துவிடும். பெண்ணின் பெயர் கெடக்கூடாது என்றே விலகி நிற்கும் ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தங்கை கல்யாணம் முடியாமல் தன் பேச்சை எடுக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இல்லை, வெறும் கூச்சமாக இருக்கலாம். கூட்டத்தில் யாரையும் கண்ணுக்குக் கண் பார்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது இயல்பு. இன்னொரு காரணத்தையும் நேராகச் சொல்லியாக வேண்டும். அவர் ஏற்கெனவே ஒருவருக்கு உரியவராக இருந்து, அதனால் மறைக்கலாம்.

இது நம் நாட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று. பல தமிழ்க் குடும்பங்களில் பதிவுத் திருமணத்தை முதலில் முடித்துவிடுகிறார்கள். மண்டபம் கிடைத்து, நாள் பார்த்து, கோயிலில் தாலி கட்டும் திருமணம் பல மாதங்கள் கழித்து நடக்கும். அதுவரை அவர்களும் தங்களைக் கல்யாணமானவர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை, சுற்றி இருப்பவர்களும் நினைப்பதில்லை. ஆனால் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி பதிவு செய்த அன்றே அவர்கள் கணவன் மனைவி. விரலில் மோதிரம் இல்லை, கல்யாணப் பத்திரிகை வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ‘உங்க வீட்டுல பொண்ணு பார்க்குறாங்களா, இல்ல ஏற்கெனவே முடிவாயிடுச்சா?’ என்று சாதாரணப் பேச்சில் கேட்டுவிடலாம். நம் ஊரில் முப்பதை நெருங்கும் எவரிடமும் எல்லோரும் கேட்கும் கேள்விதானே. பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள். உடனே தெளிவாக வந்தால் நல்லது. பேச்சை மாற்றினால், வேறு ஒரு நாள் இன்னொருமுறை நேராகக் கேளுங்கள்.

சரி, இப்போது உங்கள் பக்கம். 2011இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு இந்த வேலையில் மிகவும் உதவியிருக்கிறது. மாணவிகளிடம் சில ஆண்களின் ஃபேஸ்புக் பக்கங்களைக் காட்டினார்கள். ஒரு பிரிவினரிடம், இவர்களுக்கு உங்களை மிகவும் பிடித்திருக்கிறது என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம், ஓரளவு பிடித்திருக்கிறது என்றார்கள். மூன்றாவது பிரிவினரிடம், மிகவும் பிடித்திருக்கலாம், ஓரளவாகவும் இருக்கலாம், தெரியாது என்று விட்டுவிட்டார்கள். அந்த ஆண்கள்மேல் அதிக ஈர்ப்பு வந்தது மூன்றாவது பிரிவினருக்குத்தான். அவர்களைப் பற்றி அதிகமாக நினைத்துக்கொண்டிருந்தவர்களும் இவர்கள்தான். விடை தெரியாமல் இருப்பதே மனதை அந்த ஆளிடம் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

அதனால்தான் உங்கள் விருப்பத்தைப் பற்றிக் கேட்டேன். இரவில் அவரைப் பற்றி யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள் என்றால், அவரைப் பிடித்திருப்பதால் இருக்கலாம், விடை தெரியாத தவிப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க நான் கேட்கும் கேள்வி இது: அவர் நாளைக்கே உங்கள் முன்னால் வந்து, ‘எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மர்மம் முடிந்தது. அந்த நிமிடம் உங்களுக்கு மகிழ்ச்சியா, நிம்மதியா, சங்கடமா, இல்லை ‘அவ்வளவுதானா’ என்ற சப்பென்ற உணர்வா? அவசரப்படாமல் யோசியுங்கள். மகிழ்ச்சி வந்தால் உங்களுக்கும் விருப்பம் இருக்கிறது. சப்பென்று போனால், நீங்கள் விரும்பியது கவனிக்கப்படுவதை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தன்னை ஒருவர் கவனிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் இருக்கும் ஆசை. ஆனால் அதற்காக அவருடைய நாசி லெமாக்கையும் பெட்ரோலையும் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருப்பது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

விருப்பம் இருக்கிறது என்று தெரிந்தால், அறிகுறி பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு சின்ன வாய்ப்பைக் கொடுங்கள். பெரிய வசனம் எதுவும் வேண்டாம். ‘சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாழை இலைச் சாப்பாடு சாப்பிடப் போலாமா? நாம ரெண்டு பேர் மட்டும்.’ கடைசி நாலு வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள், அவை இல்லாவிட்டால் அவர் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார், நீங்கள் மறுபடியும் அறிகுறி எண்ண வேண்டியதாகிவிடும். அவருக்கு விருப்பம் இருந்தால் வருவார், அன்று முடியாவிட்டால் வேறு ஒரு நாளை அவரே சொல்வார். ‘பார்க்கலாம்’ என்று சொல்லி வேறு நாள் எதையும் சொல்லாவிட்டால், கொஞ்ச நாள் விட்டு இன்னொருமுறை கேட்கலாம். அதற்கு மேல் கேட்க வேண்டாம். பெண் முதலில் கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று உங்கள் தோழிகள் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாப்பிடப் போகலாமா என்று கேட்பதில் யாருடைய மதிப்பும் குறையாது. கேட்காமல் ஒரு வருடம் உள்ளுக்குள் வெந்துபோன பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

விருப்பம் இல்லை என்றால், அவர் ஒன்றும் சொல்லாதபோது நீங்களாக மறுப்புச் சொல்லப் போக வேண்டாம், அது அவரை அவமானப்படுத்தும். முதலில் அந்தச் சலுகைகளைக் குறையுங்கள். ‘காலையில வீட்டுலயே சாப்பிட்டு வரேன், இனிமே வேண்டாம், ரொம்ப நன்றி.’ மாலையில் கிராப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது கெரிஞ்சியில் எல்ஆர்டி ரயில் பிடியுங்கள். பேச்சும் மரியாதையும் பழையபடியே இருக்கட்டும். பலருக்கு இதுவே புரிந்துவிடும். புரியாமல் அவர் ஒருநாள் சொல்லிவிட்டால், தெளிவான இரண்டு வாக்கியம் போதும்: ‘சொன்னதுக்கு நன்றி. எனக்கு அந்த எண்ணம் இல்லீங்க.’ காரணம் அடுக்க வேண்டாம். ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று சொன்னால் அவர் காத்திருப்பார். நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, விலக்க வேண்டும் என்றதும் திடீரென்று ‘அண்ணா’ போட்டுப் பேச ஆரம்பிப்பது. அதைச் செய்யாதீர்கள். சிலர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் கூட்டத்துக்கு முன்னால் போட்ட வேஷம் என்று நினைக்கிறார்கள். மறுப்பு மறுப்பாகவே அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

இரண்டுமே தெரியவில்லை என்றால் தெரியும்வரை இருங்கள். அவசரம் ஒன்றுமில்லை. இதற்கிடையில் இன்னொரு ஆணின் பெயரைச் சொல்லி முகம் மாறுகிறதா என்று சோதிப்பது, தோழியை விட்டு ஆழம் பார்ப்பது இரண்டும் வேண்டாம். முதலாவது அவரைப் புண்படுத்தும். இரண்டாவதில் விஷயம் மதியத்துக்குள் மூன்றாவது மாடி வரை போய்விடும். நிதானம் என்று நீங்கள் கேட்டதற்கு நான் நடைமுறையில் சொல்லிக்கொடுப்பது மிக எளிது. அவர் பக்கத்தில் வரும்போது நெஞ்சு அடித்துக்கொண்டால், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாகச் செய்யுங்கள், இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். இரவு பதினொரு மணிக்கு வரும் செய்திக்குக் காலையில் பதில் போடுங்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ளாமல் நடிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்பதுதான் உண்மை, அதனால் இயல்பாக இருப்பதில் பொய் எதுவும் இல்லை.

நீங்கள் எழுதியதில் அவரைப் பற்றிப் பயப்படும்படி ஒன்றுமில்லை. பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் மட்டும் சொல்கிறேன். தெளிவாக மறுத்த பிறகும் ஒருவர் பின்தொடர்ந்தால், வாசலில் காத்திருந்தால், செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தால், அதை அறிகுறி என்று படிக்கத் தேவையே இல்லை. 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் தனித் தீர்ப்பாயமும் இயங்குகிறது. பின்தொடர்ந்து தொல்லை செய்வது 2023இலிருந்து தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின்படி குற்றம். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

கடைசியாக, நீங்கள் சொல்லாமல் விட்ட இன்னொன்று. அவர் உங்களுக்குச் சமமான பதவியில் இருக்கிறாரா? நான் இதுவரை எழுதியதெல்லாம் அப்படி வைத்துக்கொண்டு எழுதியதுதான். அவர் உங்கள் மேலதிகாரி என்றால், உங்கள் வருடாந்திர மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுபவர் என்றால், அவர் வாங்கித் தரும் சாப்பாட்டுக்கு ‘வேண்டாம்’ சொல்வது உங்களுக்கு அவ்வளவு எளிதாக இருக்காது, உங்கள் ‘சரி’யும் உண்மையில் சரிதானா என்று உங்களுக்கே சந்தேகம் வரும். அவர் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் என்றால் அதே சிரமம் அவருக்கு இருக்கும், அவர் வாய் திறக்காததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அந்த இரண்டு நிலையிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக்கு முன்னால், ஒருவர் வேறு குழுவுக்கு மாற முடியுமா, உங்கள் நிறுவனத்தின் விதிகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். இதை எழுதினால் இன்னும் விளக்கமாகச் சொல்கிறேன்.